கொல்லிமலை மருந்து என்று வாங்கிய பொட்டலமும் நான் தொலைத்த ஐந்து வாரமும்

போன வருஷம் ஆனி மாதம் பாதி. ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் வெயிலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ரிப்பனைக் கேட்டுத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?" என்றாள். உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். ட்யூப் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியிருந்தது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை வந்துபோனது. அந்த வலிக்கும் இந்த மஞ்சளுக்கும் முடிச்சுப் போட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், லைனுக்குப் போனால் மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம். அன்றைக்கு அவர் அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ இருந்தார். போனில் சொன்னால் ராத்திரி வண்டி ஓட்டும்போது இதே நினைப்பாக இருப்பார் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் முதல் தப்பு. இரண்டாவது தப்பை மறுநாள் அலுவலகத்தில் செய்தேன். கூட வேலை செய்யும் அக்கா என்னைப் பார்த்ததும், "காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியமே கிடையாதுங்க கண்ணு. அங்க போனா குளுக்கோஸ் ஏத்திக் காசப் புடுங்குவாங்க. கொல்லிமலைத் தழை மருந்து குடுக்கிறவரு ஒருத்தரு இருக்காரு, மூணு பொட்டலம், அவ்வளவுதான்" என்றார். அவருடைய தம்பிக்கும் மாமியாருக்கும் அங்கேதான் குணமானதாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை, எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டேன். மொத்த பிலிருபின், அதாவது கண்ணை மஞ்சளாக்கும் பொருளின் அளவு, 4.8 என்று வந்தது. சாதாரணமாக 1.2க்குள் இருக்க வேண்டியது. அந்தத் தாளில் இன்னும் நாலைந்து வரிகள் இருந்தன. ஈரல் மாற்றிப் பித்தத்தில் அனுப்பும் பகுதியான டைரக்ட் பிலிருபின் 3.9 என்றும், ஏ.எல்.பி. என்ற ஈரல் என்சைமுக்கு நேரே அளவைப்போல மூன்று மடங்குக்கு மேலும் போட்டிருந்தது. நான் மேலே இருந்த 4.8ஐ மட்டும் பார்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மருந்துக்காரரும் அதை மட்டும்தான் பார்த்தார். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அடையாளம். வைரஸ் கிருமியால் ஈரல் வீங்கினாலும் கண் மஞ்சளாகும், ரத்த அணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும் மஞ்சளாகும், ஈரலில் இருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாய் அடைபட்டாலும் மஞ்சளாகும். மொத்தத்தில் பெரும்பகுதி டைரக்ட்டாக இருந்து, ஏ.எல்.பி.யும் ஏறியிருந்தால் அடைப்பாக இருக்குமோ என்றுதான் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள், உடனே வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். அந்த ஸ்கேனுக்கு எங்கள் ஊரில் 1,200 ரூபாய் ஆகும். ஒரு பொட்டலத்துக்கு நான் கொடுத்தது 900.

மருந்து கொடுத்தவர் பக்கத்து ஊரில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் அருவிப் படம், சித்தர் படம், மேசையில் காய்ந்த வேர்கள். நாடி பார்க்கவில்லை, வயிற்றை அழுத்திப் பார்க்கவில்லை. தாளை வாங்கினார், 4.8ஐப் பார்த்தார், பச்சைப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். ஏழு நாள், காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலந்து குடிக்க வேண்டும். உப்பு, புளி, எண்ணெய், நெய், பால், கறி எதுவும் கூடாது. "கீழாநெல்லிங்களா?" என்று கேட்டேன். "அதுவும் இருக்கு, மலையில இருந்து வர்றது இன்னும் ஏழு இருக்கு" என்றார். பொட்டலத்தின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை. எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. மலையிலிருந்து வருவது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே வலி நின்றுபோனது. எட்டாம் நாள் மறுபடி ரத்தம் கொடுத்தேன், 3.6 என்று இறங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அக்காவுக்கு முட்டாய் வாங்கிக் கொடுத்தேன். ஏன் அப்படி நடந்தது என்று பின்னால் மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்கு இருந்தது பித்தப்பைக் கல். எண்ணெய், நெய் சாப்பிட்டால்தான் பித்தப்பை அதைச் செரிக்கச் சுருங்கும். சுருங்கும்போதுதான் உள்ளே இருக்கும் கல் வலியைக் கிளப்பும். நான் இருந்த பத்தியத்தில் பித்தப்பைக்கு வேலையே இல்லை, அதனால் வலியும் இல்லை. அளவு இறங்கியதற்கும் காரணம் இருந்தது. குழாயில் சிக்கிய கல் சில சமயம் கொஞ்சம் மேலே நகர்ந்து வழிவிடும், அப்போது மஞ்சள் குறையும். மறுபடி வந்து அடைத்துக்கொண்டால் ஏறும். பொடிக்கு நான் கொடுத்த பெயரெல்லாம் அந்தக் கல்லின் விளையாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது.

இரண்டாம் பொட்டலத்தின்போது அரிப்பு ஆரம்பித்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி ராத்திரியானால் உடம்பெல்லாம். ஒரு நாள் தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வந்து தலையணை உறை கறையாகியிருந்தது. சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மலம் வெளுத்து, களிமண் மாதிரி. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அன்றைக்கு யாராவது இதைக் கூச்சப்படாமல் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பது பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுக்கும். வர வேண்டிய பித்தம் ரத்தத்தில் தேங்கினால் தோல் அரிக்கும், சிறுநீர் கறுக்கும். கண் மஞ்சள், வெளுத்த மலம், அரிப்பு மூன்றும் சேர்ந்தால் எந்தத் தழைக்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எனக்கு இது எதுவும் தெரியாது. பதினாறாம் நாள் ரத்தம் கொடுத்தேன், 7.1. ஓடிப்போய்க் காட்டினேன். "உள்ள இருந்த விஷம் வெளிய வருதுங்க. வந்துதான் அடங்கும்" என்றார் மருந்துக்காரர். இதை அடிக்கடி சொல்லிப் பழகியவர் போலத் தயங்காமல் சொன்னார். குறைந்தால் மருந்து கேட்கிறது, ஏறினால் விஷம் வெளியே வருகிறது. இந்தக் கணக்கில் மருந்து தோற்கவே வழியில்லை என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்றைக்கு 500 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு மூக்கில் சொட்டு விட்டார். காட்டுப் பீர்க்கங்காய்ச் சாறு என்றார். அண்ணாந்து படுக்கச் சொல்லி ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. மிளகாய்ப் பொடியை மூக்குக்குள் திணித்தது மாதிரி இருந்தது. மூளை வரை எரிந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மூக்கிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒழுகியது. நாள் முழுக்க ஒரு பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு அழுதாள். நான் அவளிடம், "காமாலை இறங்குது சாமி, பாரு" என்று பாத்திரத்தைக் காட்டினேன். இப்போது அதை நினைத்தால் தொண்டையை அடைக்கிறது. அந்தச் சாறு மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கும், புண்ணானால் நீர் வடியும், காமாலையே இல்லாதவருக்கு விட்டாலும் அதே மஞ்சள் தண்ணீர்தான் வரும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மணிக்கட்டில் சூடு போட்டால் சீக்கிரம் இறங்கும் என்று இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நல்லவேளை, அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பண்ணையில் முட்டை பிரிக்கிற இடத்தில் கொல்லிமலைப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்து மலைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் பேசும் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். மூன்றாம் பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கிக்கொண்டிருந்தபோது அவள் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள். "அக்கா, பொடி பண்ணுனா எங்க பெரியப்பாவுக்கே எது எதுன்னு தெரியாது. அவரு பொடியே குடுக்க மாட்டாரு. ஆளப் பாக்காம தழையே பறிக்க மாட்டாரு" என்றாள். அவளுடைய பெரியப்பா மலையில் வைத்தியம் பார்க்கிறவர். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா, மாவட்டத்துக்கே லீவு. அன்றைக்குத் தன்னோடு வரச் சொன்னாள். கடைசி நேரத்தில் அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டதால் வீட்டு அடையாளம் சொல்லி என்னைத் தனியாக அனுப்பினாள்.

மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவு. விழாக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஒன்பதாவது வளைவில் எனக்காகக் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். வாந்தியில் வர வயிற்றில் எதுவும் இல்லை. வளைவுகளில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்திருப்பீர்கள், ஆட்டுக்கால் மாதிரி மயிர் போர்த்திய கிழங்கு. பாறை இடுக்கில் வளர்கிற பெரணி வகை. மூட்டுவலிக்கு சூப் வைக்கச் சொல்வார்கள். செம்மேட்டில் இறங்கி ஒரு ஜீப்பில் போய், அங்கிருந்து சாமைக் காட்டு வரப்பில் அரை மைல் நடந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார வைத்தார். முதலில் பேசவே இல்லை. என்னை வெயில் படும் பக்கமாகத் திருப்பி உட்காரச் சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்தி விட்டார். கையில் சொறிந்த கோடுகளை விரலால் தடவினார். அப்புறம் கேட்டார், "ஏம்மா, நேத்து வெளிக்குப் போனது என்ன நிறம்?" ஐந்து வாரத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ளையாங்க, களிமண்ணு மாதிரி" என்றேன். "எத்தினி நாளா?" "பதினைஞ்சு நாளா." அவர் எழுந்து உள்ளே போனார். மருந்து எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சாமைக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். "இது என் தழைக்கு அடங்காது. உள்ள வழி அடைச்சிருக்கு. அடைச்ச வாய்க்கால்ல தண்ணி விட்டா என்ன ஆகும்? கரை ஒடையும். இன்னிக்கே கீழ போயி படம் எடுத்துப் பாரு. குளிர் சுரம் வந்துச்சுன்னா ராத்திரின்னு பாக்காத" என்றார். காசை நீட்டினேன். மருந்து கொடுக்காமல் காசு வாங்குவதா என்று தள்ளிவிட்டார். எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இவ்வளவு தூரம் வந்தும் இவரும் கைவிரித்துவிட்டாரே என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் குளிர் வந்தது. இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டிக்கொண்டது, கட்டில் ஆடியது. பெரியவர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்ததால் விடியட்டும் என்று படுத்திருக்கவில்லை. 108க்கு போன் செய்தேன், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். முதலில் ஏற்றிப்போன இடத்தில் ஊசி போட்டுவிட்டு, இந்த வசதி இங்கே இல்லை என்று சேலத்துக்கு அனுப்பினார்கள். அடைபட்ட பித்தக் குழாயில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருந்தது. மஞ்சள், வலி, குளிர் காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விஷயமாம். பிலிருபின் 14.2. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள், ஒன்று பித்தக் குழாயில் இறங்கி உட்கார்ந்திருந்தது. 9 மில்லிமீட்டர், ஒரு பட்டாணி அளவு. வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் இ.ஆர்.சி.பி. என்பதை அன்றைக்கே செய்யப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் எடுத்த ரத்தம் உறையும் பரிசோதனையில் நேரம் அதிகமாகக் காட்டியது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததற்கு அதுதான் காரணம். பித்தம் குடலுக்கு வந்தால்தான் வைட்டமின் கே உடம்பில் ஏறும், அது குறைந்தால் ரத்தம் சரியாக உறையாது. அதற்கு ஊசி போட்டு மறுநாள் செய்தார்கள். கல்லை எடுத்து, பித்தம் போக வழிவிடும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். பெயர் தெரியாத ஆட்கள் காகிதம் நீட்டினார்கள், நானே படித்து நானே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் வண்டியை வழியிலேயே இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார்.

மருத்துவமனையில் நான் செய்த மூன்றாவது தப்பு, பொடி சாப்பிட்டதை மறைத்தது. திட்டுவார்கள் என்று பயம். ஈரல் அளவுகள் அடைப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று அந்த டாக்டரம்மா நாலாம் தடவை கேட்டபோதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து என்ன பயன்? அதில்தான் எதுவும் எழுதியில்லையே. முறைப்படி தயாரித்து விற்கும் சித்த மருந்தாக இருந்தால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, சேர்மானங்கள் எல்லாம் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். மூலிகை என்றாலே பாதகம் இல்லை என்று நினைத்திருந்தேன். பாம்புக்கடிக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் ஈசுவரமூலி, வயல் வரப்பில் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை, இவற்றில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று அந்தப் படுக்கையில்தான் தெரிந்துகொண்டேன். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு விஷம். நான் குடித்த கலவையில் எது இருந்தது, எது இல்லை என்று எனக்குச் சொல்ல யாராலும் முடியவில்லை. எந்த மருத்துவத்துக்குப் போனாலும் பொட்டலத்தையும் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்கிறவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் மூன்றுக்கு 2,700, மூக்குச் சொட்டுக்கு 500. முதல் தடவை மருத்துவமனையில் எட்டு நாள், அதில் மூன்று நாள் ஐ.சி.யூ., 1,12,000. ஆறு வாரம் கழித்து ஸ்டென்ட்டை எடுத்து, பித்தப்பையைத் துளை வழியாக அகற்ற 78,000. சம்பளம் இரண்டரை மாதம் போனது. ஐந்து பவுன் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. உடம்பில் ஒன்பது கிலோ குறைந்திருந்தேன், அதில் பாதி பத்தியத்தால். கிருமி சேர்வதற்கு முன்னால் முதல் வாரமே வந்திருந்தால் ஐ.சி.யூ. செலவே இருந்திருக்காது என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எங்கள் வருமானம் ஒத்துவராது என்று நாங்கள் விசாரிக்காமலே விட்டிருந்தோம். தகுதி உண்டா இல்லையா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. நள்ளிரவில் கேட்க ஆள் இருக்காது.

படுத்திருந்தபோது கீழாநெல்லியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அது வெறும் கட்டுக்கதை இல்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எனக்கு உறைத்தது வேறு. அவர்கள் ஆராய்ந்தது ஒரு வைரஸை. என் குழாயில் இருந்தது கல். கீழாநெல்லி சஞ்சீவியாகவே இருந்தாலும் அது கல்லைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. அக்காவின் தம்பிக்கும் மாமியாருக்கும் எப்படிக் குணமானது என்பதும் அப்போதுதான் புரிந்தது. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும்.

தை மாதம் வெற்றிலை பாக்கும் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனேன். இந்தத் தடவை மூவரும். பெரியவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். வேலியோரம் கூட்டிப்போய்ச் சில செடிகளைக் காட்டினார். கீழாநெல்லியில் காய் இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். அதே மாதிரி தண்டு சிவந்த இன்னொன்றும் பக்கத்திலேயே நின்றது. பிடுங்கி இரண்டையும் என் உள்ளங்கையில் வைக்காவிட்டால் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. மகளுக்கு ஓர் இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார், சிறுகுறிஞ்சான். கசப்பில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் சர்க்கரை கொண்டுவந்து வாயில் போடச் சொன்னார். "அம்மா, மணலு மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். நானும் போட்டுப் பார்த்தேன். நறநறவென்று கரைந்தது, துளி இனிப்பில்லை. "நாக்க ஏமாத்துதுல்ல? ஆனா இத நம்பி சர்க்கரை நோய்க்காரங்க ஊசிய விட்டுட்டு வந்தா நான் ஏத்துக்க மாட்டேன்" என்றார்.

எதற்கு வைத்தியம் பார்ப்பார், எதற்குப் பார்க்க மாட்டார் என்று கேட்டேன். சளி, செரியாமை, சுளுக்கு, சேற்றுப்புண், மாடு கன்றுகளுக்கு வருகிற வயிற்று உப்புசம் இதெல்லாம் பார்ப்பாராம். பாம்புக்கடி வந்தால் வண்டிக்குச் சொல்லிவிடுவாராம், அவருடைய அப்பா பார்த்தாராம். காமாலையில் மலம் நிறம் மாறாதவர்களுக்கு மட்டும் தழை கொடுப்பார், ஏழு நாளில் தெளியாவிட்டால் அவரே கீழே அனுப்பிவிடுவார். காமாலைக்கு என்ன தழை சேர்ப்பார் என்று மட்டும் சொல்லவில்லை, சிரித்துவிட்டார். அதில் அவருக்கு நியாயம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் சாக்கோடு ஆள் வந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். பாறைகளில் முடவாட்டுக்கால் குறைந்துபோனதையும் கையைக் காட்டிச் சொன்னார். அகத்தியமலையில் இருக்கும் காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்கள் நினைவுக்கு வந்தார்கள். 1987இல் கூடப் போன விஞ்ஞானிகளிடம் களைப்புத் தெரியாமல் இருக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த மருந்தின் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று ஏற்பாடாகி, அதை வாங்க 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அப்படிக் கேட்டுக் கொடுத்து வாங்குவது நம் நாட்டில் அபூர்வம். மலையின் பெயரைப் போட்டு என்னிடம் வாங்கிய 2,700 ரூபாயில் ஒரு பைசாகூட அந்தத் திண்ணைக்கு வந்திருக்காது.

மூலிகை மருந்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் இன்னும் நம்பிக்கை உண்டு. அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர், காசில்லாமல் மருந்து. அவர்களும் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள், ஸ்கேனுக்கு எழுதுவார்கள். நாம்தான் அதை விட்டுவிட்டு முன்னறைக் கடையைத் தேடிப் போகிறோம். அப்புறம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், சர்க்கரை நோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போர்டில் அப்படி எழுதியிருந்தால் அந்தக் கடை வாசலை மிதிக்க வேண்டாம்.

போன மாதம் அதே அக்கா என் மேசைக்கு வந்தார். மைத்துனருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம், மலைப் பெரியவரின் வீட்டு அடையாளம் வேண்டுமாம். "மலம் என்ன நிறமுங்க?" என்று கேட்டேன். "சீ, இதையெல்லாமா கேப்பாங்க!" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே போன் செய்து, நிறம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். ரத்தமும் ஸ்கேனும் பார்க்கச் சொன்னேன். அடைப்பு இல்லை, ஹெபடைடிஸ் ஏ. மூன்று வாரம் ஓய்வில் இருந்து தேறிவிட்டார். பக்கத்து வீட்டு வேலியில் பறித்த கீழாநெல்லியை அரைத்துக் குடித்ததால்தான் தேறினேன் என்று இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.